ஸ்தாபாத் மாத்தேர்: ஒரே பாட்டுக்கு ஏன் இத்தனை பேர் இசையமைத்தார்கள்?

கேள்வி: ஸ்தாபாத் மாத்தேர் என்ற லத்தீன் பாட்டுக்குப் பெர்கொலேசி, விவால்டி, ரோசினி, த்வோர்ஷாக் எனப் பலரும் இசையமைத்திருக்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

நான் முறையாக இசை படித்தவன் இல்லை, நிறையக் கேட்பவன். அந்த அளவில் சொல்கிறேன்.

13ஆம் நூற்றாண்டுப் பாட்டு இது. எழுதியவர் இத்தாலியப் பிரான்சிஸ்கன் துறவி யாக்கோபோனே தா தோதி என்பது நெடுநாள் வழக்கு. போப் மூன்றாம் இன்னசென்ட் என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. மகன் சிலுவையில் தொங்க, அடியில் மரியா நிற்கிறாள். நம்மூர்க் கத்தோலிக்கர்கள் வியாகுல மாதா என்று வணங்குவது இந்தத் தாயைத்தான்.

மொத்தம் 20 கண்ணிகள், ஒவ்வொன்றிலும் மூன்று அடி. முதல் எட்டில் பாடுபவர் தள்ளி நின்று பார்க்கிறார். ஒன்பதாவதில் சட்டென்று தாயிடமே திரும்பி, உன் துயரத்தை நானும் உணரச் செய் என்று கேட்கத் தொடங்குகிறார். கடைசிவரை அந்த மன்றாட்டுதான்.

இசையமைப்பாளர்களுக்குச் சிக்கல் சந்தத்தில் இருக்கிறது. "ஸ்தாபாத் மாத்தேர் தோலோரோசா, யுக்ஸ்தா க்ரூச்செம் லாக்ரிமோசா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தகதிமி தகதிமி என்று ஓடும். அடிக்கு எட்டு, எட்டு, ஏழு அசை. இறுதியில் இயைபு வேறு. விஷயமோ ஒப்பாரி, நடையோ துள்ளல். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஆளுக்கொரு வழி கண்டார்கள். இத்தனை இசை வடிவங்கள் பிறந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? சந்தேகமே வேண்டாம், பெர்கொலேசி. 1736இல் நேப்பிள்ஸ் பக்கத்திலுள்ள பொத்சுவோலியில், ஒரு பிரான்சிஸ்கன் மடத்தில் காசநோயோடு இருந்தபோது எழுதி முடித்தார். அந்த மார்ச்சிலேயே இறந்துவிட்டார். வயது 26. பெரிய கோரஸ் கிடையாது; இரண்டு குரல், சில தந்திக் கருவிகள், ஒரு ஆர்கன், அவ்வளவுதான்.

தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். அடியில் பாஸ், அதாவது தாழ்ந்த சுர வரிசை, ஒரே சீராக நடந்துகொண்டே இருக்கும். மேலே ஒரு குரல் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கும். இன்னொரு குரல் அதை ஒட்டிய அடுத்த சுரத்தில் வந்து இடிக்கும். காது கூசும். பிறகு ஒன்று விலகி வழிவிடும், மறுபடி இடிக்கும். இப்படியே படி ஏறும். பின்னால் மகன் உயிர்விடும் இடத்தில் சொற்களையே துண்டு துண்டாக்கி, நடுவே மௌனம் வைத்திருக்கிறார். மூச்சு நின்று நின்று போவது அப்படியே தெரியும்.

ஆனால் அதே படைப்பில் தாய் தவித்ததைச் சொல்லும் ஒரு பாட்டு, கிட்டத்தட்ட உற்சாகமாகவே ஓடும். பாதிரியார் மார்த்தினி என்ற இசையறிஞர், இது பெர்கொலேசியின் நகைச்சுவை ஓபரா போலவே இருக்கிறது என்று குறை சொன்னார். எனக்கு அது குறையாகப் படவில்லை. பாட்டின் துள்ளலை அவர் மறைக்காமல் விட்டிருக்கிறார். ஜெர்மன் இசைமேதை பாஹ் இதே இசையை எடுத்து, ஜெர்மன் மொழியில் விவிலியத்தின் 51ஆம் சங்கீதத்துக்குப் பொருத்திக்கொண்டார் என்றால் பாருங்கள்!

விவால்டி 1712இல் பிரெஷியா நகருக்காக எழுதியதில் முதல் பத்துக் கண்ணிகள் மட்டும்தான். அப்போது பூசையில் இந்தப் பாட்டுக்கு இடமில்லை. 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து சங்கத்துக்குப் பிறகு வந்த திருப்பலி நூலில் நீக்கியிருந்தார்கள். போப் பதின்மூன்றாம் பெனடிக்ட் 1727இல்தான் திரும்பச் சேர்த்தார்.

ரோசினி துள்ளலை அணிவகுப்பாகவே ஆக்கிவிட்டார். டெனர் (உச்ச ஆண்குரல்) பாடும் 'கூயுஸ் ஆனிமாம்' பகுதியில் வார்த்தைகளை மறந்துவிட்டால் கையைத் தட்டத் தோன்றும். எனக்கு அது ஒட்டவில்லை. ரசிகர்கள் அடிக்க வரலாம், பரவாயில்லை.

த்வோர்ஷாக் நேர் எதிர். 1875இல் பிறந்த இரண்டே நாளில் ஒரு மகளைப் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டு இதன் முதல் வரைவை எழுதி ஒதுக்கி வைத்தார். 1877இல் ஆகஸ்டில் இன்னொரு மகளும் செப்டம்பரில் மகனும் இறந்தார்கள். மறுபடி அதைக் கையில் எடுத்து நவம்பரில் முடித்தார். முதல் பகுதி மட்டுமே கால் மணி நேரத்துக்கு மேல். ஒரே சுரம் மெல்ல ஸ்தாயி ஸ்தாயியாக மேலேறி ஆரம்பிக்கிறது. குட்டிக் கண்ணிகளை அவர் இழுக்கும் இழுப்பில் அந்தத் தகதிமி இருந்த இடமே தெரியாது. முழுதும் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். ஒரே மூச்சில் கேட்கத் தேவையில்லை.

பெர்கொலேசிக்கு எம்மா கிர்க்பி, ஜேம்ஸ் போமன் பாடி, கிறிஸ்டோபர் ஹாக்வுட் நடத்திய பதிவைத் தேடுங்கள். த்வோர்ஷாக்குக்கு ரஃபேல் குபெலிக் நடத்தியது. இரண்டுக்கும் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். குறிப்பாக ஒன்பதாவது கண்ணி, 'எய்யா மாத்தேர்' வரும்போது இருவரும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அது பிடித்துப்போனால் அப்புறம் இதே பாட்டுக்கு இசையமைத்த 20ஆம் நூற்றாண்டுக்காரர்கள் பூலாங்க், ஆர்வோ பார்ட் பக்கம் போகலாம்.