குல்மார்க்கில் முதல் பனிச்சறுக்கு: வாடகைக் கடையில் கவனிக்க வேண்டியவை

கேள்வி: பிப்ரவரியில் கணவர், 13 வயது மகளுடன் ஐந்து நாள் பயணமாகக் குல்மார்க் செல்கிறோம். மூவருமே பனியில் கால் வைத்ததில்லை. மகளும் நானும் ஸ்கீ கற்க விரும்புகிறோம். கணவருக்கு ஸ்னோபோர்டில் (இரு கால்களையும் ஒரே பலகையில் பொருத்திச் சறுக்குவது) ஆசை. அங்கு பனிச்சரிவில் சிலர் இறந்ததைச் செய்தியில் படித்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது. எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்? (வாசகி, கோவை)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அந்த ஆபத்து இருக்கும் இடம் வேறு, நீங்கள் கற்கப்போகும் இடம் வேறு. குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா எனும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் கோங்டூரி என்ற இடைநிலையத்துக்கும், இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கும் செல்கின்றன. 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டவர் இருவரின் உயிரைப் பறித்த பனிச்சரிவு நிகழ்ந்தது மேலே உள்ள அபர்வத் மலையில்தான். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைப்பகுதிகளில் ஏற்படுகின்றன. புதியவர்கள் பழகுவதோ ஊரிலேயே, கோல்ஃப் மைதானப் பகுதியின் மென்சரிவுகளில். காட்சியைப் பார்க்க மேலே செல்வதானால் கோண்டோலாவிலேயே திரும்பி வாருங்கள். "நான் பத்திரமாகக் கீழே கூட்டிச் செல்கிறேன்" என்று யார் சொன்னாலும், இந்த ஐந்து நாள்களில் அங்கிருந்து சறுக்கி இறங்குவதற்கு உடன்படாதீர்கள்.

உங்களுக்கு நேரக்கூடிய காயங்கள் பெரும்பாலும் முழங்கால், மணிக்கட்டு, தலை ஆகியவற்றில்தான். அவற்றில் பலவற்றுக்கான தடுப்பு வாடகைக் கடையிலேயே தொடங்குகிறது. ஸ்கீ பலகையில் பூட்டை (சறுக்குக் காலணியை)ப் பிடித்திருக்கும் பைண்டிங், நீங்கள் விழும்போது கால் முறுக்கிக்கொள்ளாமல் தானாகக் கழன்றுவிட வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை அதன்மேல் உள்ள எண் காட்டுகிறது. எடை, உயரம், வயது, பூட்டின் அடிநீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டே அந்த எண்ணைத் தீர்மானிக்க வேண்டும். முந்தைய நாள் 90 கிலோ எடையுள்ள ஒருவர் பயன்படுத்திய அதே அமைப்பில் உங்கள் மகளுக்குப் பலகையைக் கொடுத்தால், அவள் விழும்போது பைண்டிங் கழலாது. முறுக்குவிசை முழுவதும் முழங்கால் தசைநாரில் இறங்கும். ஆகவே மூவரின் எடையையும் கூச்சப்படாமல் உள்ளபடி சொல்லுங்கள், "நாங்கள் முற்றிலும் புதியவர்கள்" என்பதையும் சொல்லி, உங்கள் கண்முன்னே எண்ணை மாற்றி வைக்கச் செய்யுங்கள். அதற்கு நேரமில்லை என்று சொல்லும் கடையில் எடுக்காதீர்கள். பூட்டுக்குள் ஒரே ஒரு காலுறை போதும். முழங்காலை மடக்கும்போது குதிகால் மேலே எழும்பினால் அளவு பெரிது.

விழுவது நிச்சயம். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயல்வதுதான் முழங்காலுக்குக் கெடுதல். சறுக்கல் முழுமையாக நிற்கும்வரை கைகளை முன்னே வைத்துக் காத்திருங்கள். கைக்கோலின் வாரைக் கையில் மாட்டிக்கொள்ளாமல் பிடித்தால், விழும்போது கோலை விட்டுவிடலாம், கட்டைவிரல் தப்பும். கணவரின் நிலை வேறு: ஸ்னோபோர்டின் பைண்டிங் தானாகக் கழலாது, விழுபவர் அனிச்சையாக உள்ளங்கையை ஊன்றுவார், மணிக்கட்டு முறியலாம். அவருக்கு மணிக்கட்டுக் காப்பு கட்டாயம் தேவை. அது அங்கே கிடைக்காமல் போகலாம் என்பதால் கோவையிலேயே வாங்கிச் செல்லுங்கள்.

தலைக்கவசத்தில் சமரசம் வேண்டாம். இருசக்கர வாகன ஹெல்மெட் இதற்கு ஈடாகாது. வாடகைக்குப் பெறுவதில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில், புதியவர்களுக்கான சரிவில், ஹெல்மெட் இல்லாமல் பயிற்சி பெறும்போது விழுந்தார். தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி மருத்துவ உதவியை மறுத்துவிட்டார். பின்னர் தலைவலி தொடங்கியது; மண்டைக்குள் ஏற்பட்ட இரத்தக்கசிவால் இரண்டு நாள்களில் இறந்தார். இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தலையில் அடிபட்டவர் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வதை நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அடிபட்டவர் அன்று மீண்டும் சறுக்கக் கூடாது. அவரைத் தனியே விடவும் கூடாது. தலைவலி கூடுதல், வாந்தி, குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பெரிய மருத்துவமனைகள் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீநகரில்தான் இருக்கின்றன.

உயரம் இந்தக் கணிப்பைக் கடினமாக்கும். சமவெளியிலிருந்து ஒரே நாளில் அங்கு சேர்பவருக்கு அடிபடாமலேயே தலைவலியும் குமட்டலும் வரலாம். ஆகையால் முதல் இரவை ஸ்ரீநகரில் கழித்துவிட்டு ஏறுங்கள். குல்மார்க் சென்ற மறுநாள்தான் பயிற்சியைத் தொடங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக: பருத்தி உள்ளாடை ஈரத்தைப் பிடித்துவைத்து உடலைக் குளிரச் செய்யும், ஆகவே கம்பளியோ செயற்கை இழையோ அணியுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும் என்பதால் மேகமூட்டத்திலும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். களைத்த கால்கள் சொன்னபடி கேட்காது; பிற்பகலில் மகள் சோர்ந்தால், கட்டிய பணத்தை எண்ணாமல் நிறுத்திவிடுங்கள். சரிவில் உங்களுக்குக் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. ஓய்வெடுக்க நடுவில் நிற்காமல் ஓரமாக ஒதுங்குங்கள்.

பிற மாநில ப்ரீபெய்டு இணைப்புகள் காஷ்மீரில் பொதுவாக இயங்குவதில்லை என்பதால், ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டுகளை விலக்கும் விதி உள்ளதா என்பதைப் புறப்படும் முன் படித்துப் பார்த்து, இருந்தால் கூடுதல் தொகை செலுத்தி அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.