சிறுகோள் தேடும் பிள்ளைக்கு பயோவா, கணிதமா?

அம்மா,

உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடப் பயம்தான் கூடத் தெரிந்தது. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த மகன், உயர்தரத்தில் மருத்துவத்துக்கு வழியான உயிரியல் பிரிவைத் தள்ளி, "பயோ வேண்டாம், சிறுகோள் தேடப்போகிறேன்" என்று நின்றால் யாழ்ப்பாணத்தில் எந்த வீடும் கலங்கத்தான் செய்யும்.

"இரவிரவாக வானத்தைப் பார்ப்பது ஒரு தொழிலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றிவரும் பாறை. அதைத் தேடும் வேலையில் இப்போது எவரும் வானத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தொலைகாட்டி ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பப் படமெடுக்கும். நட்சத்திரங்கள் நிற்க, எந்தப் புள்ளி நகர்கிறது என்று மென்பொருள் தேடும். சிக்கலும் அங்கேதான். இரவில் பண்ணைப் பாலத்தில் நேரெதிரே வரும் மோட்டார் சைக்கிளின் வெளிச்சம், கிட்ட வரும்வரை அசையாததுபோலவே இருக்கும் அல்லவா? நம்மை நோக்கி வரும் சிறுகோளும் அப்படித்தான். 2019 ஜூலை 25 இல் '2019 ஓகே' என்ற சிறுகோள் சுமார் 70,000 கிலோமீற்றரில் கடந்துபோனது. சந்திரன் இருக்கும் தூரத்தில் அது ஐந்திலொரு பங்குகூட இல்லை. பிரேசிலில் அதைக் கண்டுபிடித்ததோ முதல் நாள்தான். பிறகு பழைய படங்களைக் கிளறினால், இரண்டு கிழமைக்கு மேல் முன்பே அது பதிவாகியிருந்தது; நகர்வு மிகக் குறைவென்பதால் பிடிபடவில்லை. சூரியன் பக்கமிருந்து வருவது இன்னும் மோசம், அந்த வெளிச்சத்தில் தொலைகாட்டிக்குத் தெரியாது. 2013 இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த, ஏறத்தாழ 20 மீற்றர் கல் அப்படி வந்ததுதான். ஒருவரும் முன்கூட்டிக் காணவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள், பெரும்பாலும் உடைந்த யன்னல் கண்ணாடியால்.

ஆகவே மகனுக்கு வேண்டியது கணிதப் பிரிவு, கூடவே கணினி நிரலாக்கம். திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலேயே பௌதிகவியலும் கணினி விஞ்ஞானமும் உண்டு. ஒளிக்காமல் சொல்கிறேன்: "சிறுகோள் தேட ஆள் தேவை" என்று இங்கே விளம்பரம் வராது. மொறட்டுவை, கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் என்ற அரச தொழில்நுட்ப நிலையத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. முழுநேர ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் வெளிநாடு போய்க் கலாநிதிப் பட்டம் முடிக்கவேண்டும். இடையில் மனம் மாறினாலும், படத்தில் மங்கிய புள்ளி தேடப் பழகியவருக்கு ஸ்கான் படங்களை ஆராயும் மென்பொருளிலும் வேலை உண்டு. (இதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், மருத்துவம் கொஞ்சம் கிட்ட வந்துவிட்டது.)

ஆசை நிலைக்குமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சர்வதேச சிறுகோள் தேடல் திட்டத்தில் மாணவர் குழுக்கள் இலவசமாகச் சேரலாம். ஹவாய்த் தொலைகாட்டியின் உண்மையான படங்களையே தருவார்கள். பாடசாலை விஞ்ஞான ஆசிரியரோடு சேர்ந்து ஒருமுறை விண்ணப்பிக்கட்டும். ஒன்றும் நகராத படங்களைச் சில கிழமை சலிக்காமல் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பயோ ரியூசனுக்குக் காசு கட்டுவதை அதுவரை பொறுங்கள்.