கொய்யாவைச் செங்காயில் பறியுங்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கொல்லைப்புறக் கொய்யா நன்றாகக் காய்க்கிறது, ஆனால் பழுத்ததை வெட்டினால் உள்ளே புழு. மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது, அவருக்குக் கொடுக்கலாமா?"

இரண்டுக்கும் முதல் பதில் ஒன்றுதான். பழுக்க விடாமல் செங்காயில் பறியுங்கள்.

காய் பச்சை மாறி வெளுக்க ஆரம்பிக்கும் நேரம் பார்த்துத்தான் பழ ஈ வந்து தோலுக்கு அடியில் முட்டை வைக்கும். உற்றுப் பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி இருக்கும், அழுத்தினால் அந்த இடம் மட்டும் கொழகொழவென்று அமுங்கும். பழம் விழுந்ததும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வெளியே வரும். அதனால் விழுந்த பழத்தை மரத்தடியில் விடவே கூடாது, உரக்குழியிலும் போடாதீர்கள். தினமும் பொறுக்கி பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள். மரத்தடி மண்ணை அவ்வப்போது கொத்திவிடுங்கள். காய் எலுமிச்சை அளவு வந்ததும் பழைய வேட்டித்துணியில் பை தைத்துக் காம்போடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஈ கிட்டே வராது. மருந்து அடிக்க வேண்டாம், புழு இருப்பது சதைக்குள், மருந்து தங்குவது நாம் கடித்துத் தின்னும் தோலில்.

சரி, மாமனார் விஷயம். தாராளமாகக் கொடுக்கலாம், ஒரு வேளைக்கு நடுத்தர அளவில் ஒன்று, தோலோடு, கடித்துத் தின்னும்படி. 100 கிராம் கொய்யாவில் நார்ச்சத்து 5 கிராமுக்கு மேல் இருக்கிறது, சர்க்கரை மெதுவாக ஏறுவதற்கு அதுதான் காரணம். ஜூஸ் போட்டு வடிகட்டினால் அந்த நார் போய்விடும். ஏற்காடு மலைப்பாதையில் விற்கிற மாதிரி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்ன ஆசையாகத்தான் இருக்கும், ரத்தக்கொதிப்பும் இருந்தால் உப்பை மட்டும் விட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், கொய்யாவில் பொட்டாசியம் அதிகம். கொய்யா இலைக் கஷாயம் குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், இதைக் கட்டாயம் அவரிடம் சொல்லுங்கள்.

வைட்டமின் சி ஆரஞ்சைப் போல நான்கு மடங்கு இருப்பதால், ரத்தசோகை உள்ள பெண்கள் ராகிக்களியும் கீரையும் சாப்பிடும்போது கூடவே நாலு துண்டு கொய்யா சாப்பிட்டால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

அப்புறம், காய்ப்பு ஓய்ந்ததும் கிளை நுனிகளை அரைச் சாண் அளவு கவாத்து செய்யுங்கள். புதுத் துளிரில்தான் பூ வரும், மரமும் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும், பை கட்ட ஏணி தேட வேண்டாம்.