சட்டப் படிப்புக்கு இந்த மதிப்பெண் போதுமா?

சிங்கப்பூரில் மேல்நிலைத் தேர்வு (ஏ லெவல்) முடிவுகள் வந்ததிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞர். சேர்க்கைக் குழுவில் இருப்பவள் அல்ல.

அக்கா, எனக்கு ஏஏஏ/ஏ, அதாவது மூன்று முதன்மைப் பாடங்களிலும் (எச்2) ஒரு துணைப் பாடத்திலும் (எச்1) ஏ. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யுஎஸ்) வெளியிடும், இடம் கிடைத்தவர்களின் மதிப்பெண் பட்டியலிலும் சட்டத்துக்கு அதேதான் இருக்கிறது. இடம் உறுதிதானே? (ஈசூன் மாணவி)

வாழ்த்துகள். ஆனால் உறுதி இல்லை. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு படிப்புக்கும் இரண்டு நிலைகள் இருக்கும்: 10ஆம் சதமானம் (வரிசைப்படுத்தினால் கீழிருந்து பத்தில் ஒரு பங்கில் நிற்பவரின் மதிப்பெண்), 90ஆம் சதமானம் (மேலிருந்து பத்தில் ஒரு பங்கில் நிற்பவருடையது). சட்டத்துக்கு இரண்டிலும் ஏஏஏ/ஏ என்றே பார்த்து வருகிறோம். மேலே நிற்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் ஒரே மதிப்பெண் என்றால், தேர்ந்தெடுப்பது மதிப்பெண் அல்ல என்றுதானே அர்த்தம்? இன்னொன்றையும் கவனியுங்கள். இடம் கிடைத்தவர்கள் மட்டுமே அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அதே ஏஏஏ/ஏ வைத்திருந்தும் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. உங்கள் மதிப்பெண் உங்களை எழுத்துத் தேர்வு, நேர்காணல் வரை கொண்டுபோகும். அதற்கப்புறம் எல்லாருக்கும் புதுக் கணக்கு.

மகளுக்கு ஏஏபி/ஏ. விண்ணப்பித்து மனம் உடைய வேண்டுமா? (ஒரு தாயார், தெம்பனிஸ்)

விண்ணப்பிக்கட்டும், அம்மா. 10ஆம் சதமானம் என்பது தடுப்புக்கோடு அல்ல. சேர்ந்தவர்களில் சிலர் அதற்குக் கீழேயும் இருப்பார்கள். திறன் அடிப்படையிலான சேர்க்கைக்கும் பல்கலைக்கழகங்களுக்கு ஓரளவு இடம் உண்டு. ஆனால் அதற்குச் சான்றிதழ்க் குவியல் உதவாது. ஒரே வேலையில் சில ஆண்டுகள் ஊன்றி நின்றதைக் காட்ட வேண்டும். என்யுஎஸ் மட்டும் என்று நிற்காமல் எஸ்எம்யு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்), எஸ்யுஎஸ்எஸ் (சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்) இரண்டுக்கும் போடச் சொல்லுங்கள். எஸ்யுஎஸ்எஸ் குற்றவியலிலும் குடும்பச் சட்டத்திலும் ஊன்றும் பள்ளி. வேறெங்கும் கிடைக்காததால் வந்தேன் என்ற முகத்தோடு அங்கே போனால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அண்ணன் காலத்தில் பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளிகளை 90க்குக் கணக்கிட்டார்கள். எனக்கு 70க்கு என்கிறார்கள். எப்படி ஒப்பிடுவது?

ஒப்பிடாதீர்கள். 2026 சேர்க்கையிலிருந்து மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, பொதுத்தாளுக்கு (ஜிபி, கட்டுரையும் கருத்தறிதலும்) 10, ஆக 70. குழுவாகச் செய்யும் திட்டப்பணி தேர்ச்சிக்கு மட்டும். நான்காவது பாடமும் தாய்மொழியும் மொத்தத்தை உயர்த்தினால்தான் சேரும். சேர்த்தபின் மொத்தத்தை மறுபடி 70க்குச் சுருக்குவார்கள். பொதுத்தாளில் மட்டும் பி என்றால் 68.75. எச்1 பாடத்தில் ஏ இருந்தால் 68.9 ஆகும். தமிழிலும் ஏ இருந்தால் 69ஐத் தொடும். தமிழை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் இதையும் கணக்கில் வையுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி, ஜிபிஏ (4க்குச் சராசரிப் புள்ளி) 3.7. வாய்ப்பு உண்டா?

குறுகலான வாசல். சட்டத்துக்குச் சேர்பவர்களின் ஜிபிஏ பெரும்பாலும் 3.8ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் சட்ட, நிர்வாகப் பட்டயம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறொரு பட்டம் முடித்துவிட்டு, பட்டதாரிகளுக்கான சட்டப் படிப்பில் சேரும் வழியும் இருக்கிறது. காலமும் பணமும் கூடும், அவ்வளவுதான்.

தேசிய சேவைக்கு (ஆண்களுக்கான கட்டாயப் படைச் சேவை) போகிறேன். இடம் காத்திருக்குமா?

காத்திருக்கும். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டால் சேவை முடியும்வரை வைத்திருப்பார்கள். இந்த முறை கிடைக்காவிட்டால் சேவையில் இருக்கும்போதே மறுபடி விண்ணப்பிக்கலாம்.

நேர்காணலில் சட்டம் கேட்பார்களா? எந்தப் புத்தகம் படிக்கட்டும்?

புத்தகத்தை மூடி வையுங்கள். அவர்கள் பார்ப்பது நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதை. ஒரு சூழலைச் சொல்வார்கள், நிலைப்பாடு எடுக்கச் சொல்வார்கள், பிறகு அதைக் குடைவார்கள். 2019 நவம்பரில் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது நினைவிருக்கிறதா? முதியவர்களின் பாதுகாப்பு ஒரு பக்கம், உணவு விநியோகம் செய்து பிழைத்தவர்களின் வருமானம் இன்னொரு பக்கம். தடை சரி என்று பத்து நிமிடம் பேசுங்கள், பிறகு தவறு என்று அதே வேகத்தில் பேசுங்கள். வீட்டில் யாராவது குறுக்கே குறுக்கே கேட்கட்டும். நம் வீடுகளில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. மேடைப் பேச்சில் பரிசு வாங்கிய பிள்ளைகள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது என் கணிப்பு. எதிரில் இருப்பவர் நல்ல கேள்வி கேட்டாலும், தயாரித்து வந்ததையே ஒப்பிக்கிறார்கள். “நீங்கள் சொன்னதில் இந்தப் பகுதி சரி, அதனால் என் கருத்தை இவ்வளவு மாற்றிக்கொள்கிறேன்” என்று சொல்வது தோல்வி இல்லை.

இங்கே கிடைக்காவிட்டால் லண்டனுக்கு அனுப்பிவிடலாமா? (ஒரு தந்தை)

செலவைப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பாருங்கள், சார். இங்கே வழக்கறிஞராவதற்கு ஏற்கப்படும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களை 2016இல் 19இலிருந்து 11ஆகக் குறைத்தார்கள். லண்டனில் கிங்ஸ், யுசிஎல், எல்எஸ்இ, குவீன் மேரி இருக்கின்றன, சோவாஸ் நீக்கப்பட்டது. முகவர் கையேட்டை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். திரும்பி வந்தபின் பார்ட் ஏ தேர்வு (வெளிநாட்டில் படித்தவர்களுக்கான சிங்கப்பூர்ச் சட்டத் தேர்வு) எழுத வேண்டும். உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு அது கிடையாது. பார்ட் பியும் (வழக்கறிஞராவதற்கான தொழில்தேர்வு) சட்ட அலுவலகப் பயிற்சியும் இரு தரப்புக்கும் உண்டு. முன்பு ஆறு மாதமாக இருந்த அந்தப் பயிற்சி இப்போது ஓராண்டு. அந்த ஓராண்டையும் சேர்த்தே வீட்டுக் கணக்கைப் போடுங்கள்.