தன்பாலீர்ப்பும் இறைநம்பிக்கையும்: கேள்வி பதில்

கேள்வி (கத்தோலிக்க இளைஞர், தூத்துக்குடி): எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. யாரோடும் உறவில் இல்லை. ஆனாலும் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகத் தயக்கமாக இருக்கிறது. நான் பாவத்தில் வாழ்கிறேனா?

பதில்: தம்பி, ஈர்ப்பையே பாவம் என்று உங்கள் திருச்சபை சொல்லவில்லை. கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 2357 முதல் 2359 வரையுள்ள பத்திகளை நீங்களே எடுத்துப் படியுங்கள். தன்பாலின உடலுறவைத்தான் அது பாவம் என்கிறது. ஈர்ப்பையும் ஒழுங்கற்றது என்கிறதே என்பீர்கள். ஆமாம், வலிக்கிற சொல்தான், எனக்கு அதில் உடன்பாடும் இல்லை. ஆனால் அதே இடத்தில், இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நம் ஊர்ப் பிரசங்கங்களில் இந்தப் பாதி மட்டும் எப்படியோ விட்டுப்போகும்! ஈர்ப்பு இருக்கிறது என்பதற்காக நற்கருணை வரிசையிலிருந்து நீங்கள் விலக வேண்டியதில்லை.

அவரே: பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் ஃபாதர் வீட்டில் சொல்லிவிடுவாரா?

பதில்: பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும்போது, கேட்டதை அவர் வெளியே சொல்லக் கூடாது. மீறினால் அவரையே திருச்சபையிலிருந்து விலக்கும் அளவுக்குக் கடுமையான சட்டம் அது. ஆனால் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவது பாவசங்கீர்த்தனம் ஆகாது. ஆளைப் பார்த்துப் பேசுங்கள்.

கேள்வி (ஒரு தாய், நாகர்கோவில்): மகள் ஒரு பெண்ணை விரும்புகிறாள். ஆவியை விரட்ட உபவாச ஜெபத்துக்குக் கூட்டிவரச் சொல்கிறார் பாஸ்டர். மாற்றுகிற டாக்டரும் இருக்கிறாராம்.

பதில்: இரண்டுக்கும் அனுப்பாதீர்கள் அம்மா. அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு இதே வேலையைத்தான் பல ஆண்டுகள் செய்தது. பெரும்பாலானவர்களுக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸே ஒப்புக்கொண்டார். 2013-இல் மன்னிப்புக் கேட்டு அமைப்பையும் மூடினார்கள். இங்கே 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஜெபிக்க வேண்டுமென்றால் மகளோடு சேர்ந்து ஜெபியுங்கள், அவளும் விரும்பினால்.

கேள்வி (திருநங்கை, மதுரை): கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் செல்லுமா?

பதில்: ஆண் ஒருவரோடு என்றால் செல்லும். 2018-இல் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் நடந்த இப்படியொரு திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகளில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. பதிவு அலுவலகத்துக்கு அந்தத் தீர்ப்பின் நகலோடு போங்கள். இரண்டு ஆண்களுக்கோ இரண்டு பெண்களுக்கோ இது பொருந்தாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.