முதலில் முழங்கால், அப்புறம் மானிட்டர்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா பணி ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடும் பழைய காக்டெயில் மேசை மாதிரி வீடியோ கேம் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்ய ஆசை. ஆசாரி எம்.டி.எஃப். பலகை போதும் என்கிறார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் 19 அங்குலச் சதுர மானிட்டர் ஒன்றும் சும்மா கிடக்கின்றன. இவை போதுமா? எங்கள் பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் மேசை தாங்குமா?

பதில்: போதும். அந்த மானிட்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள், உங்களிடம் இருப்பதிலேயே உருப்படியான பொருள் அதுதான். எம்.டி.எஃப். மட்டும் வேண்டாம், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை அது. குன்னூரில் நான் செய்த முதல் மேசை எம்.டி.எஃப்.தான். ஏப்ரலில் முடித்து, பெயின்ட் அடித்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். நவம்பர் மழையில் பட்டன் துளைகளைச் சுற்றிப் பலகை உப்பிவிட்டது. ஒரு பட்டன் அழுத்தினால் அழுத்தியபடியே நின்றது. தரையைத் தொட்ட அடிவிளிம்பு டீயில் முக்கிய வர்க்கி மாதிரி உதிர்ந்தது.

18 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். பலகை மேல் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் மரைன் பிளை. அதிலும் ஈரம் நுழைவது அறுத்த விளிம்பு வழியாகத்தான். எல்லா விளிம்புக்கும், பட்டன் துளைகளின் உள்சுவருக்கும் இரண்டு கை வுட் சீலர் அடிக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் வெட்டிப் போட்ட சில்வர் ஓக் இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் கால்களுக்குப் போடலாம். பச்சை மரம் முறுக்கிக்கொண்டால் மேலே கண்ணாடி சமமாக உட்காராது.

ஆனால் பலகை வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இது பெட்டி இல்லை, மேசை. 1978-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற வீடியோ கேம் வந்தபோது ஜப்பானில் காபிக் கடை மேசையையே விளையாட்டாக மாற்றிப் போட்டார்கள். ஆள் உட்கார வேண்டும், கோப்பை வைக்க வேண்டும், கால் நீட்ட வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் திரையைப் பற்றியே யோசித்துவிட்டுக் காலை மறந்துவிடுகிறார்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். மேசையின் உயரம் 74 செ.மீ. என்று வையுங்கள். பேய்கள் துரத்தும் ஆட்டமான பேக்-மேனுக்கு அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் வெளியிட்ட மேசையும் ஏறக்குறைய இதே உயரம்தான், 29 அங்குலம். ஜாய்ஸ்டிக் இருக்கும் பேனல் கண்ணாடியிலிருந்து 4 செ.மீ. கீழே. பேனலுக்கு அடியில் பட்டன் உடல், வயர் எல்லாம் சேர்ந்து 7 செ.மீ. மீதி 63. உங்கள் நாற்காலியின் இருக்கை 45 செ.மீ., தொடைக்கு ஒரு 15. ஆக, கைவசம் இருப்பது வெறும் 3 செ.மீ. நாற்காலியில் அப்பா குஷன் போட்டுக்கொள்பவர் என்றால் அதுவும் இல்லை. அதனால் இரண்டு மூன்று அட்டைப்பெட்டிகளை அடுக்கி, இந்த அளவில் ஒரு பொய் மேசை கட்டுங்கள். அப்பாவை உட்காரவைத்து ஒரு டீ குடிக்கச் சொல்லுங்கள். எழுந்திருக்கும்போது முழங்கால் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் பேனா வைத்துக் குறியுங்கள். ஆசாரியிடம் கொடுக்க வேண்டிய அளவு அதுதான்.

இப்போது மானிட்டர். பேக்-மேன் மாதிரி ஆட்டங்களின் படம் நெட்டாக நிற்கும், அகலம் 3 பங்கு, உயரம் 4 பங்கு. 19 அங்குலச் சதுர மானிட்டரின் திரை 376 மி.மீ.க்கு 301. அதை நெட்டாகத் திருப்பினால் படம் 376-க்கு 282 வரும், இருபக்கமும் ஒரு செ.மீ.தான் கறுப்பாக வீணாகும். புதிதாக 24 அங்குல அகலத் திரை வாங்கினாலும் படம் சுமார் 400-க்கு 300 என்ற அளவில்தான் வரும். மேல் கீழ் சேர்ந்து 13 செ.மீ. சும்மா போகும், மேசையும் அவ்வளவு நீளும். காசு கொடுத்து வாங்கி என்ன பிரயோஜனம்?

ஒரே சந்தேகம், அது டி.என். வகைத் திரையா என்பது, சில கோணங்களில் படம் கெட்டுத் தெரியும் வகை அது. பழைய ஆபீஸ் மானிட்டர்களில் பெரும்பாலும் அதுதான். மானிட்டரை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தரையில் மல்லாக்கப் போட்டு, ஒரு படத்தை ஓடவிட்டு, நான்கு பக்கமும் போய்க் குனிந்து பாருங்கள். கீழ்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இருண்டு நெகட்டிவ் போலத் தெரிந்தால் டி.என். பயப்பட வேண்டாம். நெட்டுப் படத்தில் நீங்கள் இருவரும் உட்காருவது மானிட்டரின் இடது, வலது பக்கங்களில், அந்தக் கோணம் நன்றாகவே இருக்கும். பக்கவாட்டில் மூன்றாவது பேனல் வைத்து இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து ஆடும் திட்டம் இருந்தால் மட்டும், எந்தப் பக்கத்திலிருந்தும் நன்றாகத் தெரியும் ஐ.பி.எஸ். வகைத் திரை வேண்டும்.

அறையின் குழல் விளக்கு எங்கே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் கண்ணாடியில் அது அப்படியே தெரியும், பேய் துரத்துவதும் தெரியாது, ஓடுவதும் தெரியாது.

பேனலில் பலர் சறுக்குவது ஒரு இடத்தில். 18 மி.மீ. பலகைக்கு அடியில் ஜாய்ஸ்டிக்கைத் திருகினால், தண்டில் பாதி பலகைக்குள் போய்விடும், மேலே குண்டு மட்டும் காளான் மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தை மரம் குடையும் ரவுட்டரால் 6 மி.மீ. கனம் மட்டும் மிஞ்சும் வரை குடையச் சொல்லுங்கள், அல்லது பேனலை 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் செய்யுங்கள். பட்டன் கைக்கு வந்த பிறகே துளை போட வேண்டும். அமெரிக்கப் பாணிப் பட்டனுக்குத் துளை 28 மி.மீ. ஜப்பானியப் பாணிக்கு 30, அதிலும் அழுத்திச் செருகும் வகை மெல்லிய தகட்டில்தான் பிடிக்கும். தடித்த பலகைக்கு நீளத் திருகும் நட்டும் உள்ளது வேண்டும். பேக்-மேனுக்கு ஜாய்ஸ்டிக் நால்திசையாக இருக்கட்டும். எண்திசையில் வளைவு தவறும், பழி உங்கள் மேல் வரும். பல ஜாய்ஸ்டிக்குகளில் அடியில் உள்ள தடுப்புத் தகட்டைத் திருப்பி மாட்டினால் நால்திசை ஆகிவிடும்.

கண்ணாடியைக் கடைசியில் வாங்குங்கள். 5 மி.மீ. டஃபன் செய்தது (சூடாக்கிக் கடினமாக்கியது), மூலைகள் உருட்டியது. டஃபன் ஆன பிறகு ஒரு மி.மீ. கூட அறுக்கவோ துளைக்கவோ முடியாது, அதனால் மேசை முடிந்து நின்ற பிறகு அளவெடுத்துக் கோயம்புத்தூரில் சொல்லுங்கள். கொண்டுவரும்போது மூலையில் அடிபட்டால் முழுதும் சில்லாகிவிடும். நான்கு மூலைக்கும் கம்பளித் துணி சுற்றிக் கட்டுங்கள். கண்ணாடிக்கு அடியில் திரையைச் சுற்றிக் கறுப்பு மவுண்ட் அட்டை வைத்தால் மானிட்டரின் பிளாஸ்டிக் சட்டம் மறைந்துவிடும்.

மூடுபனிக்கு வருவோம். பெட்டியை இறுக மூடினால் ஈரம் வராது என்று நினைப்பது தப்பு. மானிட்டர் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரக் காற்று, ஜனவரி மாலையில் சில்லிட்ட கண்ணாடியின் அடிப்பக்கம் பட்டு வியர்த்துவிடும். துடைக்கவும் கை எட்டாது. அடித்தளத்தில் துளைகள், பக்கத்துச் சுவரின் மேல் ஓரத்தில் காற்றை வெளியே தள்ளும் 80 மி.மீ. ஃபேன் ஒன்று, இது போதும். எல்லாத் துளைக்கும் கொசுவலைக் கம்பி அடியுங்கள், எலி வயரை விடாது. கால்களுக்கு ரப்பர் புஷ். மழைக்காலத்தில் யாரும் ஆடாவிட்டாலும் வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள், அந்தச் சூடே உள்ளே காயவைத்துவிடும்.

லைன் மேல் மரம் விழுந்து கரண்டு போவது உங்களுக்குத் தெரியாததில்லை. கம்ப்யூட்டரை இன்வர்ட்டர் லைனில் கொடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், ஏனென்றால் அலுமினியப் பேனலில் இரண்டு பேரின் கையும் இருக்கும். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

மென்பொருளுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். 1997 முதல் இருக்கும் மேம் என்ற இலவச எமுலேட்டர், அதாவது பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள், அந்தக் காலத்து ஆட்டங்களை உங்கள் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓட்டும். ஆட்டம் ஓடும்போது டேப் விசையை அழுத்தி, டிப் சுவிட்ச் என்ற அமைப்புகள் பகுதியில் கேபினட் என்பதைக் காக்டெயில் என்று மாற்றி, ஆட்டத்தை ரீசெட் செய்யுங்கள். அப்பா முறை வரும்போது படம் தானாகத் தலைகீழாகி அவர் பக்கம் திரும்பும். எல்லா ஆட்டத்திலும் இந்த வசதி கிடையாது. ஆட்டக் கோப்புகளின் உரிமை அந்தந்த நிறுவனங்களுடையது. வயரிங் சரியா என்று பார்க்க, மேம் குழுவின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் க்ரிட்லீ என்ற ஆட்டம் போதும்.

கடைசியாக ஒரு தொல்லை. இரண்டு பக்கத்துக்கும் பட்டன்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரே மாதிரி யு.எஸ்.பி. என்கோடர் என்ற சின்ன மின்பலகை வாங்குவீர்கள். கம்ப்யூட்டருக்கு எது யாருடையது என்று தெரியாது. போர்ட் மாற்றிச் செருகினால் நீங்கள் ஆட்ட, அப்பாவின் ஆள் ஓடும். போர்ட்டுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்: ஒன்றில் 'அப்பா', ஒன்றில் 'நான்'.