அழாத குழந்தைக்கு என்ன எண் போடுவது? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

மதுரைக்காரி நான். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் இளங்கலை, மூன்றாம் வருடம். போன செமஸ்டரிலிருந்து குழந்தை வளர்ச்சி பற்றிய ஒரு லேபில் இருக்கிறேன். 'ஆராய்ச்சி உதவியாளர்' என்று பெயர்தான் பெரிது. வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் வீடியோ பார்த்து எண் போடுகிறேன். அம்மா வெளியே போகிறாள், குழந்தை அழுகிறது, அம்மா வருகிறாள், மறுபடியும் அதே. நேற்று ஒரு குழந்தை அழவே இல்லை. அம்மா வந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன எண் போடுவது என்றே தெரியவில்லை. சம்பளம் கிடையாது, பட்டத்துக்குக் கணக்காகும் மூன்று கிரெடிட் மட்டும். ஆய்வின் கருதுகோள் என்ன என்று கேட்டால் 'இப்போது சொல்ல முடியாது' என்கிறார்கள். ப்ரொபசரைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வம். டைனிங் ஹாலில் பாத்திரம் கழுவினாலாவது காசு வருகிறது. லேபை விட்டுவிடலாமா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

இந்த வருடம் விடாதே. உன் கோபத்தில் பாதி நியாயம்தான். ஆனால் அந்தப் பாதி வீடியோவைப் பற்றியது அல்ல, காசைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீ சொல்வதைப் பார்த்தால், உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் 1960களில் பால்டிமோரில் வகுத்த 'அந்நியச் சூழல்' சோதனை போலிருக்கிறது. ஒரு வயதை ஒட்டிய குழந்தை, அம்மா, முன்பின் தெரியாத ஒருவர், சில பொம்மைகள். எட்டுக் கட்டம், மொத்தமே இருபது நிமிடம் சொச்சம். பார்ப்பவர்கள் எல்லோரும் அழுகையைத்தான் கவனிப்பார்கள். ஐன்ஸ்வொர்த் கவனித்தது அம்மா திரும்பி வரும் நேரத்தை. கிட்டே போகிறதா, தூக்கியதும் ஒட்டிக்கொள்கிறதா, உதைத்துத் திமிறுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா என்று நான்குக்கும் 1 முதல் 7 வரை எண். நேற்று நீ பார்த்த குழந்தைக்கு அந்த நான்காவது அளவில் எண் ஏறும். 'சமத்துப் பிள்ளை, அழவே இல்லை' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மெச்சியிருப்பார்கள். ஆனால் அப்படி முகம் திருப்பும் குழந்தைகளின் இதயத்துடிப்பை ஸ்ரூஃபும் வாட்டர்ஸும் அளந்து 1977-இல் எழுதினார்கள். வெளியே அமைதியாகப் பொம்மை உருட்டும்போதும் உள்ளே துடிப்பு கூடித்தான் இருந்தது. அந்தக் கருவி உன் கையில் இல்லை. குழந்தை எந்த நொடியில் தலையைத் திருப்பியது என்று பார்க்கும் உன் கண்தான் கருவி. அதனால்தான் இந்த வேலை அலுப்பாக இருக்கிறது, அதனால்தான் இதை யாரிடமும் அவசரமாகத் தள்ளிவிட முடியாது.

கருதுகோளைச் சொல்லாததற்கு வருவோம். உன்னை மட்டம் தட்டுவதற்காக அதை மறைக்கவில்லை. ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963-இல் வெளியிட்ட சோதனையைப் பாடத்தில் படித்திருப்பாய். பன்னிரண்டு மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து எலி கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் 'இவை புத்திசாலி எலிகள்' என்றும், மீதிப் பேரிடம் 'இவை மந்தம்' என்றும் சொன்னார்கள். எல்லாம் சாதாரண எலிகள்தான். இருந்தும் 'புத்திசாலி' எலிகள்தான் பாதையை நன்றாகக் கற்றுக்கொண்டதாக முடிவு வந்தது. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எலிக்கே அப்படியென்றால், முகத்தைத் திருப்பியதா பொம்மையைப் பார்த்ததா என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில், எந்த அம்மா எந்தப் பிரிவு என்று உனக்குத் தெரிந்தால் எண் சாயும். ஆகவே எண் போட்டு முடிக்கும்வரை சொல்லாதது முறைதான். முடித்த பிறகும் சொல்லாவிட்டால் அது முறையல்ல, அப்போது கேட்டு வாங்கு.

இன்னொன்று. உன்னோடு சேர்ந்து இன்னொருவரும் அதே வீடியோவுக்குத் தனியாக எண் போடுவார், இல்லையா? இருவரும் 85 விழுக்காடு ஒத்துப்போனால் பிரமாதம் என்று தோன்றும். குழந்தை அழுகிறதா என்று பத்துப் பத்து நொடியாகக் குறிக்கிறீர்கள், இருவருமே 90 விழுக்காடு இடங்களில் 'இல்லை' என்று போடுகிறவர்கள் என்று வைத்துக்கொள். அப்படியானால் வீடியோவைப் பார்க்காமல் குருட்டாம்போக்கில் போட்டாலே 82 விழுக்காடு ஒத்துப்போகும். மிச்சம் 18-இல் நீங்கள் உண்மையில் சம்பாதித்தது 3, அதாவது ஆறில் ஒன்று. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்க ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்த கப்பா கணக்கில் 0.17. எந்த லேபும் அதை ஏற்காது. இதை வகுப்பில் சூத்திரமாகப் படித்தால் தேர்வோடு மறந்துபோகும். சக மாணவியோடு உட்கார்ந்து 'அது சிணுங்கல், அழுகை இல்லை' என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டவளுக்கு மறக்காது.

இனி காசு. பல இடங்களில் அந்த மூன்று கிரெடிட்டுக்கும் கட்டணம் கட்டுவது மாணவர்தான். அதாவது உழைப்பையும் கொடுத்துப் பணத்தையும் கொடுக்கிறோம். வீட்டில் வசதி உள்ள பிள்ளை மூன்று லேபில் இருந்துவிட்டு பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கும், ஷிப்டுக்கு ஓடுகிற பிள்ளைக்கு ஒன்றே இழுபறி. தேர்வுக் குழு இருவரையும் ஒரே தராசில் நிறுத்தும். இதை 'வாய்ப்பு' என்று துறையின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது எனக்கு எப்போதும் உறுத்தும். எம்.ஐ.டி.யில் 1969-இல் மார்கரெட் மக்விகர் தொடங்கிய இளங்கலை ஆராய்ச்சித் திட்டத்தில் சம்பளமா கிரெடிட்டா என்று மாணவரே தேர்ந்துகொள்ளலாம். அதைப் பார்த்து மற்ற பல்கலைக்கழகங்களும் இப்படித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. உன் வளாகத்தில் உண்டா என்று விசாரி. தேசிய அறிவியல் அறக்கட்டளை உதவித்தொகை தரும் கோடைகால ஆராய்ச்சித் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால் அந்தப் பக்கம் நேரத்தை வீணாக்காதே. லேபில் சம்பளம் கிடைத்தாலும் செமஸ்டர் நாட்களில் வளாக வேலை மொத்தம் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, டைனிங் ஹாலையும் சேர்த்து.

ப்ரொபசரைப் பார்க்க முடியவில்லை என்று வருந்தாதே. லேபை ஓட்டுவது பி.எச்டி. மாணவர்கள். பிற்பாடு சிபாரிசுக் கடிதத்தில் ப்ரொபசர் கையெழுத்துப் போட்டாலும், உன்னைப் பற்றி அதில் இருக்கும் நாலு உருப்படியான வரிகள் அவர்களிடமிருந்துதான் வரும். உன் சீனியரிடம் கோடை விடுமுறைக்கு முன் கேள்: நான்காம் வருட ஆய்வேட்டுக்கு இந்த வீடியோக்களையே பயன்படுத்தலாமா, நெறிமுறைக் குழுவின் அனுமதி இதற்கும் செல்லுமா என்று.

அந்த ஆய்வேட்டுக்கான கேள்வி உன்னிடமே இருக்கிறது. ஜப்பானில் சப்போரோவில் கெய்கோ தகஹாஷி இதே சோதனையைச் செய்து 1986-இல் எழுதியபோது, முகம் திருப்பும் வகையில் ஒரு குழந்தைகூட இல்லை. தனியாக விட்டதும் பல குழந்தைகள் தாங்கவே முடியாமல் அழுதன. தனியே விடப்பட்டுப் பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு அந்த அறையே அதிகப்படியான வேதனை என்றார் அவர். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று கைமாறி வளர்கிற பிள்ளைகளைப் பார்த்தவள் நீ. உன் வீடியோக்களில் வரும் குடும்பங்களில் வீட்டில் எத்தனை பெரியவர்கள் என்ற விவரம் படிவத்தில் இருக்கிறதா பார். இருந்தால் அதையும் அம்மா திரும்பி வரும்போது நீங்கள் போட்ட எண்களையும் சேர்த்துப் பார்க்க அனுமதி கேள். இல்லையென்றால் வேறு லேப் தேட அதுவே நல்ல காரணம்.